தராசு பிடித்த பிரின்செப்

எடைக்கல் முத்திரையைப் படிக்கத் தெரியாத எங்கப்பா, அதை நம்பித்தான் திண்டிவனத்துல மல்லாட்டை மூட்டையை நிறுத்துப் போடுவாரு. அந்த நம்பிக்கைக்கு உழைத்தவர் ஜேம்ஸ் பிரின்செப்.

1799இல் இங்கிலாந்தில் பிறந்தார். கட்டடக்கலை கற்றபோது கண் கெட்டுப்போச்சு; படிப்பை விட்டார். 1819இல் கல்கத்தா வந்து, காசி நாணயச்சாலையில் உலோகம் சோதித்தார். ஒரு கிரெயினில் 3000இல் ஒரு பங்கைக் காட்டும் தராசு செய்தார்.

ஊருக்கு ஊர் எடை வேறு. 1833 சீர்திருத்தத்தில் அவர் பங்கால், வங்காளத்தில் தோலா 180 கிரெயின், 80 தோலா ஒரு சேர் என்றானது. 1835இல் நாடு முழுக்க வந்த வெள்ளி ரூபாயும் 180 கிரெயின்தான். அப்புறமென்ன, கையிலுள்ள புதுக்காசே எடைக்கல்!

1837இல் அசோகர் கல்வெட்டையும் படித்துக்காட்டினார். 1840இல், 40 வயதிலேயே மறைந்தார்.

முதல் தலைமுறையா படிக்கிற நாமும், நம்மை நம்பி மூட்டை இறக்குறவங்களுக்கு எடை பிசகாம நடப்போம்!