மூச்சை அளந்த கணித மாணவர்: ஏ. வி. ஹில்

ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வரும் சிறுவனே உடல் திறம் மிக்கவன் என்று நாம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். பதின்மூன்று வயதுச் சிறுவர் இருவரை ஒரே கோட்டில் நிறுத்திப் பாருங்கள். ஒருவன் மீசை அரும்பித் தோள் அகன்று நிற்பான். மற்றவனோ இன்னும் குழந்தை போலவே இருப்பான். முன்னவன் வென்றால் அது பயிற்சிக்குக் கிடைத்த வெற்றியா, முந்திக்கொண்ட வளர்ச்சிக்குக் கிடைத்த வெற்றியா? ஆசிரியர் கையிலுள்ள கடிகாரம் இதற்கு விடை கூறாது. விடை காணும் பாதையைத் திறந்துவிட்டவர், கணிதம் படிக்கச் சென்று உடலியலுக்கு வந்து சேர்ந்த ஆர்ச்சிபால்ட் விவியன் ஹில் ஆவார். தம் முன்பெயர்கள் அவருக்கே பிடிக்காத காரணத்தால் உலகம் அவரை ஏ. வி. ஹில் என்றே அறியும்.

அவர் 1886ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தார். மூன்று வயதிலேயே தந்தை குடும்பத்தை விட்டுப் பிரிந்து போனார். மகனையும் மகளையும் வளர்த்து ஆளாக்கும் பொறுப்பு முழுவதும் தாயார் தலையில் விழுந்தது. உதவித்தொகை பெற்றுப் படித்த மகன், கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரியில் சேர்ந்து, 1907இல் கணிதத் தேர்வில் மூன்றாம் இடம் பெற்றார். அதன்பின் வால்டர் ஃபிளெட்சர் என்னும் ஆசானின் தூண்டுதலால் உடலியல் துறைக்கு மாறினார். கணிதத்தில் இத்துணைத் தேர்ச்சி பெற்றவர் தவளையின் தசையைத் தேடிச் சென்றதைக் கண்டு அன்று பலர் வியந்திருக்கக்கூடும்.

தசை சுருங்கும்போது வெப்பம் உண்டாகிறது. அது ஒரு டிகிரியின் ஆயிரத்தில் சில பங்கே. இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நமக்கு அறிமுகமான கால்வனாமீட்டரையும், பல வெப்ப இரட்டைகளைச் சேர்த்தமைத்த கருவியையும் கொண்டு ஹில் அதனை அளந்தார். சுருங்கும் கணத்தில் மட்டுமன்றி, சுருங்கி முடிந்த பின்னரும் நிமிடக் கணக்கில் தசை வெப்பம் தருவதை அவர் கண்டார். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வைத்தால் அந்தப் பின்வெப்பம் தோன்றுவதில்லை. அப்படியானால், வேலை முடிந்த பிறகே தசை ஆக்சிஜனைக் கொண்டு தன்னைச் சீர்செய்து கொள்கிறது என்பது தெளிவாயிற்று. தசையின் வெப்பம் பற்றிய இப்பணிக்காக, ஜெர்மானிய அறிஞர் ஆட்டோ மேயர்ஹாஃபுடன் 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இடையில் வந்த முதல் உலகப் போரில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கான கணக்குகளைப் போட்டார். 1920இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அங்கேதான் தவளையிலிருந்து மனிதனுக்கு வந்தார். சோதனைக்கு வேறு ஆளைத் தேடவில்லை. ஓட்டத்தில் பெருவிருப்பம் கொண்ட தம்மையே சோதனைப் பொருளாக்கிக் கொண்டார். முதுகில் ஒரு பெரிய பை. வாயில் அடைப்பிதழுடன் கூடிய குழாய். வெளிவிடும் மூச்செல்லாம் அப்பையில் சேரும். புல்தரையில் சுற்றிச் சுற்றி ஓடுவார். பிறகு பையிலுள்ள காற்றின் அளவையும், அதில் எஞ்சிய ஆக்சிஜனையும் கணக்கிடுவார்.

வேகம் கூடக் கூட உடல் ஏற்கும் ஆக்சிஜனும் கூடியது. ஆனால் ஓர் எல்லைக்குப் பின் வேகத்தைக் கூட்டினாலும் அது கூடவில்லை. 73 கிலோ எடையுள்ள ஹில்லுக்கு அந்த எல்லை நிமிடத்திற்கு ஏறக்குறைய 4 லிட்டர். அதற்கு மேல் தேவைப்படுவதை உடல் கடனாகப் பெறுகிறது, ஓடி முடித்து மூச்சு வாங்கும்போது அக்கடனைத் திருப்பித் தருகிறது என்று அவர் விளக்கினார். கடன் வாங்கி அறுவடைக்குப் பின் அடைக்கும் வழக்கம் தெரிந்த நம்மவர்க்கு இந்த உவமை எளிதில் விளங்கும். கடனுக்கு அவர் லாக்டிக் அமிலத்தைக் கொண்டு கூறிய காரணம் மட்டும் பின்னாளில் நிலைக்கவில்லை. அவ்வமிலம் உண்டாகாமலும் தசை சுருங்கும் என்று 1930இல் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்டு காட்டினார். ஹில் அதை மனமுவந்து ஏற்று, தம் துறையில் புரட்சி நேர்ந்துவிட்டதென்று 1932இல் தாமே கட்டுரை எழுதினார். நோபல் பரிசை விட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனிச் சிறுவரிடம் வருவோம். 1926இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இளைஞர்களுக்காக நடைபெறும் கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் நரம்பையும் தசையையும் பற்றிப் பேசினார் ஹில். அவர் காட்டிய எல்லையைச் சிறுவரிடமும் அளக்கும் பணியைப் பிறர் மேற்கொண்டனர். அமெரிக்காவின் ஹார்வர்டில் சிட் ராபின்சன் 6 வயதுச் சிறுவர் முதல் 91 வயது முதியவர் வரை சோதித்து 1938இல் வெளியிட்டார். ஸ்வீடனின் ஆஸ்ட்ராண்ட் சிறுவர் சிறுமியரையும் பெரியோரையும் ஒருங்கே ஆராய்ந்து 1952இல் நூலாக்கினார்.

அப்போது ஒரு புதுமை புலனாயிற்று. வேகம் கூடியும் ஆக்சிஜன் கூடாத அந்தச் சமநிலை குழந்தைகள் பலரிடம் தோன்றுவதே இல்லை. அதற்கு முன்பே அவர்கள் நின்றுவிடுகிறார்கள். எனவே, எட்டிய உச்ச அளவையே குறித்துக்கொள்வது வழக்கமாயிற்று. 30 கிலோ எடையுள்ள நலமான சிறுவன் ஒருவன் நிமிடத்திற்கு 1.5 லிட்டர் ஏற்கிறான் என்று கொள்வோம். ஹில்லின் 4 லிட்டருக்கு முன் அது அற்பமாகத் தோன்றும். எடையால் வகுத்தால் கிலோவுக்கு 50 மில்லி லிட்டர்; ஹில்லுக்கோ 55. வேறுபாடு எவ்வளவு சுருங்கிவிட்டது!

ஆயினும் எடையால் வகுப்பது மட்டும் முழு நியாயம் ஆகிவிடாது. பெண் குழந்தைகள் பருவமெய்தும் காலத்தில் கிலோவுக்கான இந்த அளவு குறைகிறது; உடலில் இயல்பாகவே கொழுப்பு கூடுவது அதற்கு ஒரு காரணம். இதைச் சோம்பல் என்று ஏசுவோர் உடலியல் அறியாதவர்கள். ஒரே வேகத்தில் ஓடச் சிறு குழந்தைக்குப் பெரியவரை விடக் கிலோவுக்கு அதிக ஆக்சிஜன் செலவாகிறது என்பதையும் மறக்கலாகாது.

ஹில் 1923இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்குச் சென்றார். 1933 முதல், ஹிட்லரின் ஆட்சியில் வேலையிழந்த அறிஞர்களுக்கு வாழ்வு தேடித் தரும் சங்கத்தில் முன்னின்றார். அவரிடம் புகலடைந்த பெர்னார்ட் காட்ஸ் 1970இல் நோபல் பரிசு பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது பாராளுமன்ற உறுப்பினராக இருந்த ஹில், 1943 நவம்பரில் இந்தியா வந்து மாதக்கணக்கில் நாடெங்கும் சுற்றி, இந்நாட்டின் அறிவியல் ஆராய்ச்சி பற்றி அறிக்கை அளித்தார். அனைத்திந்திய மருத்துவ மையம் ஒன்று வேண்டும் என்ற அவர் கருத்து, 1956இல் டில்லியில் எழுந்த மருத்துவக் கழகத்திற்கு முன்னோடிகளுள் ஒன்றாகும்.

1977ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் கேம்பிரிட்ஜில் அவர் காலமானார். ஐந்தாண்டுகளுக்குப் பின், பையும் குழாயும் வாங்க இயலாத பள்ளிகளுக்கும் ஏற்ற ஒரு சோதனையைக் கனடாவின் லேஜே வகுத்தார். 20 மீட்டர் இடைவெளியில் இரு கோடுகள். ஒலி எழும் போதெல்லாம் அடுத்த கோட்டை எட்ட வேண்டும். பின்னர்ச் சிறுவருக்கென அமைத்த முறையில் மணிக்கு 8.5 கிலோமீட்டரில் தொடங்கும் வேகம் ஒவ்வொரு நிமிடமும் அரைக் கிலோமீட்டர் கூடும். கோட்டை எட்ட இயலாமல் சிறுவன் பின்தங்கும்போது அவன் ஓட்டம் முடியும். அவன் எட்டிய வேகத்தையும் வயதையும் கொண்டு ஆக்சிஜனின் உச்ச அளவை மதிப்பிடுகிறார்கள்.