பாலி மொழிக்காகக் கடல் கடந்த பேராசிரியர் கோசாம்பி

புனேயைப் பூனா என்று அழைத்த நாட்களில், கப்பலேறி அயல்நாடு போகிறவர்கள் முதலில் ரயிலேறிப் பம்பாய் போக வேண்டும். போர் காட் மலையில் கண்டாலாவுக்குக் கீழே ஒரு ஸ்டேஷன் இருந்தது. தண்டவாளம் அங்கே முட்டி நின்றுவிடும். என்ஜினைக் கழற்றி வண்டியின் மறுகோடியில் மாட்டி, எதிர்த்திசையில் மலையிறக்குவார்கள். 1929 வரை இந்த ஏற்பாடுதான். பம்பாயில் இறங்கி அங்கிருந்து கப்பல் பிடிக்க வேண்டும். அமெரிக்கா என்றால் வாரக் கணக்கில் பயணம். வழியனுப்ப வந்தவர்கள் இனி எப்போது முகம் பார்ப்போமோ என்று கலங்கியதில் வியப்பில்லை.

1910 ஏப்ரலில் அப்படிப் பம்பாயில் கப்பலேறியவர்களில் ஒருவர் தர்மானந்த கோசாம்பி. வயது 33. கல்லூரியில் மாணவராகப் படித்தவர் அல்ல, பட்டமும் இல்லை. ஆனால் அவரை அழைத்திருந்ததோ ஹார்வர்டு பல்கலைக்கழகம்! ஊரில் மனைவி பாலாபாய், பதினோரு வயதைத் தொடும் மகள் மாணிக், மூன்று வயது நிரம்பாத மகன் தாமோதர். இவர்களைப் பிரிந்து அவர் புறப்பட்டார். பிரிவது அவருக்குப் புதிதும் அல்ல. அதுவே கடைசியும் அல்ல.

வீட்டை விட்டு முதல் பயணம்

கோவாவில் சாங்க்வால் கிராமத்தில் 1876 அக்டோபர் 9-ந் தேதி பிறந்தவர் கோசாம்பி. தென்னந்தோப்பை நம்பி வாழ்ந்த குடும்பம். ஊரில் கிடைத்த மராத்திப் படிப்புடன் பள்ளிக்கூடம் முடிந்தது. வழக்கப்படி இளவயதிலேயே திருமணமும் நடந்தது. மராத்தி சிறுவர் பத்திரிகை ஒன்றில் புத்தரின் வாழ்க்கையைப் படித்தார். அது அவர் மனதில் ஒட்டிக்கொண்டது. புத்தர் சொன்னதை அவர் பேசிய மொழியிலேயே படிக்க வேண்டும் என்ற ஆசை பிறந்தது. அதற்கு முதலில் சமஸ்கிருதம் வேண்டும். சமஸ்கிருதத்துக்குப் புனே வேண்டும்.

1899 முடிவில் வீட்டை விட்டுக் கிளம்பினார். மாணிக் அப்போது கைக்குழந்தை. புனேயில் டாக்டர் ராமகிருஷ்ண கோபால் பண்டார்கர் அவருக்கு ஆதரவு காட்டினார். பிறகு குவாலியர், காசி. காசியில் அன்னசத்திரத்துச் சோற்றைத் தின்று படித்தார். புத்தர் பிறந்த மண் என்று நேபாளம் போனார். அங்கே கண்ட நிலை அவருக்கு ஏமாற்றம் தந்தது. 1902-ல் இலங்கை சென்றார். கொழும்பு வித்யோதய பிரிவேனாவில் சுமங்கல நாயக தேரரிடம் பாலி கற்றார். அங்கேயே துவராடையும் ஏற்றார்.

அடுத்தது சென்னை. 1903-ல் சில மாதங்கள் அங்கே புத்த ஆசிரமத்தில் தங்கினார். சிங்காரவேலரும் பேராசிரியர் லட்சுமி நரசுவும் சென்னையில் பௌத்த இயக்கத்தை வளர்த்துக் கொண்டிருந்த காலம் அது. தமிழ்நாட்டுடன் கோசாம்பிக்கு வேறு வழியிலும் உறவு உண்டு. அவர் ஆயுள் முழுவதும் உழைத்த நூல் 'விசுத்திமக்கம்'. அதை இயற்றிய புத்தகோசர் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததாக அவருடைய உரைநூல் ஒன்றின் இறுதிக் குறிப்பே சொல்கிறது.

சென்னையிலிருந்து பர்மா, அங்கிருந்து குசிநகரம், மீண்டும் பர்மா. 1906-ல் கல்கத்தா வந்து துவராடையைக் களைந்தார். அங்கே பாலி ஆசிரியர் வேலை கிடைத்தது. அதன் பிறகே கோவா போய்க் குடும்பத்தைப் பார்த்தார். கிட்டத்தட்ட ஏழு ஆண்டுகள் ஓடியிருந்தன. மாணிக்குக்கு நினைவு தெரிந்து அப்பாவைக் கண்டது அப்போதுதான். இந்த ஏழு ஆண்டுகளில் அவர் பட்ட பசியையும் காய்ச்சலையும் 'நிவேதன்' என்ற தம் வரலாற்றில் அவரே எழுதி வைத்திருக்கிறார். பாலாபாய் எதையும் எழுதவில்லை. எழுதியிருந்தால் அதுவும் ஒரு பெரிய புத்தகமாக வந்திருக்கும்.

மாதம் 50 ரூபாய்

1907 ஜூலை 31-ந் தேதி மகன் பிறந்தான். தாத்தாவின் பெயரான தாமோதர் என்பதையே வைத்தார்கள். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் நல்ல சம்பளம். இருந்தால் மேலும் கூடும். ஆனால் மராத்தி பேசும் மக்களுக்குப் புத்தரைச் சொல்ல வேண்டும் என்பது கோசாம்பியின் எண்ணம். பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட், மகாராஷ்டிரத்தில் எங்கிருந்தாலும் மாதம் 50 ரூபாய் தருவதாகச் சொன்னார். அதை ஏற்றுக்கொண்டு கல்கத்தா வேலையை விட்டார். குடும்பஸ்தர் எவரும் எளிதில் செய்யக்கூடிய காரியம் அல்ல.

ஹார்வர்டு பேராசிரியர் ஜேம்ஸ் வுட்ஸ் இந்தியா வந்தபோது கோசாம்பியிடம் பாலி படித்தார். அவர் வழியாக வந்ததே அமெரிக்க அழைப்பு. ஹென்றி கிளார்க் வாரன் என்ற அமெரிக்க அறிஞர் விசுத்திமக்கத்தைப் பதிப்பிக்கத் தொடங்கி, முடிக்குமுன் 1899-ல் காலமாகியிருந்தார். பேராசிரியர் லான்மனின் மேற்பார்வையில் அந்தப் பணியை முடித்துக் கொடுப்பதுதான் கோசாம்பியின் வேலை.

ஓலைச்சுவடியும் பர்மியப் பிரதியும் அவருக்குக் கைவந்தவை. வேலை நன்றாகவே நடந்தது. ஆனால் நூலில் அவர் பங்கை எப்படிக் குறிப்பிடுவது என்பதில் லான்மனுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1912 தொடக்கத்தில் கோசாம்பி ஊர் திரும்பிவிட்டார். அமெரிக்காவில் அவர் சேர்த்துக்கொண்டது வேறொன்றும் உண்டு. அங்கே சோஷலிச நூல்களைப் படித்தார். உழைப்பாளிகள் மேல் வைத்த அக்கறை கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

பெர்குசன் கல்லூரியில்

1912 முதல் 1918 வரை புனே பெர்குசன் கல்லூரியில் பாலிப் பேராசிரியர். அவர் வாழ்க்கையில் குடும்பத்துடன் ஒரே ஊரில் நிலைத்திருந்த காலம் என்றால் பெரும்பாலும் இதுதான். பம்பாய் பல்கலைக்கழகத்தில் பாலி ஒரு பாடமாக இடம் பெற்றதில் பண்டார்கருடன் இவருக்கும் பங்கு உண்டு. இவரிடம் படித்தவர்களில் பி.வி. பாபட் குறிப்பிடத்தக்கவர். 1956-ல் புத்த ஜயந்தியை ஒட்டி மத்திய அரசு வெளியிட்ட பௌத்தத்தின் 2500 ஆண்டு வரலாற்று நூலைத் தொகுத்தவர் அவரே.

1918-ல் லான்மன் மீண்டும் அழைத்தார். பழைய மனத்தாங்கலை ஒதுக்கிவிட்டுக் கோசாம்பி சம்மதித்தார். இந்த முறை மாணிக்கையும் 11 வயதுத் தாமோதரையும் கூட்டிப் போனார். பாலாபாய் இங்கேயே தங்கினார். கணவரை அனுப்பிப் பழகியவர் இப்போது மூத்த இரண்டு குழந்தைகளையும் சேர்த்து அனுப்பினார். முதல் உலகப் போர் முடியாத நேரம். கடலில் கப்பல்கள் மூழ்கிக் கொண்டிருந்தன. ஒரு கடிதம் வந்து சேரவே மாதங்கள் ஆகும். அந்தத் தாய் நாட்களை எப்படி எண்ணியிருப்பார் என்பதைப் பிள்ளைகளைத் துபாய்க்கோ அமெரிக்காவுக்கோ அனுப்பியிருக்கும் நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். அவர்களுக்காவது டெலிபோன் இருக்கிறது.

மாணிக், ராட்கிளிப் கல்லூரியில் பட்டம் பெற்றார். அந்த நாளில் இந்தியப் பெண் ஒருத்தி அமெரிக்கா சென்று பட்டம் பெறுவது மிக அபூர்வம். 1922-ல் தந்தை திரும்பினார். பள்ளிப் படிப்பு முடியாததால் தாமோதர் அங்கேயே தங்கினான். வயது 15. ஒரு காலத்தில் கைக்குழந்தையை விட்டு வெளியேறிய மனிதர், இப்போது மகனைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தார். 1924-ல்தான் பிள்ளை ஊர் வந்தான்.

காந்திஜியின் குஜராத் வித்யாபீடத்தில் சில ஆண்டுகள் பணி. 1926-ல் மூன்றாம் முறை ஹார்வர்டு. தாமோதரும் உடன் சென்று அங்கே கல்லூரியில் சேர்ந்தான். 1927-ல் தந்தை திரும்ப, மகன் 1929-ல் உயர்ந்த வரிசையில் பட்டம் பெற்று வந்தான். கணிதத்திலும் வரலாற்றிலும் உலகப் புகழ் பெற்ற டி.டி. கோசாம்பி இவர்தான். பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தபோதும் புனேயை விடாமல் 'டெக்கான் குயீன்' வண்டியில் போய் வந்தவர். 1966 ஜூன் 29-ந் தேதி புனேயில் காலமானார்.

லெனின்கிராடும் உப்பும்

1929-ல் லெனின்கிராடிலிருந்து பாலி கற்பிக்க அழைப்பு வந்தது. செர்பாட்ஸ்கி போன்ற பௌத்தப் பேரறிஞர்கள் இருந்த நகரம் அது. 53 வயதில் அந்தக் குளிர் அவர் உடம்புக்கு ஒத்துவரவில்லை. 1930-ல் திரும்பிவிட்டார். வந்ததும் ஓய்வா எடுத்தார்? உப்புச் சத்தியாக்கிரகத்தில் குதித்துச் சிறை சென்றார்! ஹார்வர்டிலும் லெனின்கிராடிலும் பாடம் சொன்னவர் சிறைக் களி தின்றதைப் புனேக்காரர்கள் இன்னும் கொஞ்சம் பெருமையாகப் பேசலாம்.

1931-ல் நான்காம் முறை ஹார்வர்டு சென்று பதிப்பு வேலையை முடித்துக் கொடுத்து 1932-ல் வந்தார். பின்னர் பம்பாய் பரேலில், ஆலைத் தொழிலாளர்கள் நடுவே, பிர்லாவின் பண உதவியுடன் 'பகுஜன விகாரம்' அமைத்தார். 1940-ல் மராத்தியில் 'பகவான் புத்தர்' வெளியாயிற்று. அம்பேத்கர் 1954 டிசம்பர் 25-ந் தேதி தேகு ரோட்டில் புத்தர் சிலையை நிறுவினார் என்பது அங்குள்ள தமிழர் குடும்பங்களுக்குத் தெரியும். அதற்குப் பல ஆண்டு முன்பே மராத்தி வாசகர்களுக்குப் புத்தரைக் கதையாக அல்லாமல் மூல நூல்களிலிருந்து காட்டியவர் கோசாம்பி.

கடைசிப் பிரிவு

வயதும் நோயும் வாட்டின. பிறருக்கு உதவ முடியாத உடம்பு இனி எதற்கு என்று 1946-ல் உணவைக் குறைத்து உயிர் விடத் துணிந்தார். சமணர்கள் இதைச் சல்லேகனை என்பார்கள். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த கதையைக் கேட்டு வளர்ந்த தமிழர்களுக்கு இது புரியும். காந்திஜி வேண்டிக்கொண்டதால் அப்போது நிறுத்தினார். ஆனால் உடல் தேறவில்லை. 1947-ல் சேவாகிராம ஆசிரமத்துக்குப் போய் மீண்டும் உண்ணாநோன்பு இருந்தார். ஜூன் 4-ந் தேதி உயிர் பிரிந்தது. சுதந்திரத்துக்கு இன்னும் பத்து வாரம் இருந்தது. மறுநாள் டில்லிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் காந்திஜி அவரை நினைவுகூர்ந்தார்.

நான்கு முறை கடல் கடந்து உழைத்த அந்த விசுத்திமக்கப் பதிப்பு 1950-ல் ஹார்வர்டு கீழ்த்திசை நூல் வரிசையில் 41-ம் தொகுதியாக வெளிவந்தது. முதல் பக்கத்தில் வாரன் பதிப்பித்தது என்றும், தர்மானந்த கோசாம்பி திருத்தியது என்றும் அச்சாகியிருந்தது. அவர் மறைந்து அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.