விமானத்துக்கு முன்னாடி சைக்கிள்: ஓர்வில் ரைட் நடத்திய கடையின் கதை

ஓர்வில் ரைட் என்றதும் விமானம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அவருக்கும் அண்ணன் வில்பருக்கும் பல வருஷம் சோறு போட்டது சைக்கிள் வியாபாரம். பறக்கும் ஆராய்ச்சிக்குச் செலவழித்ததும் அந்தக் கடை வருமானத்தைத்தான்.

யார் இந்த ஓர்வில்?

1871-ல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் உள்ள டேட்டன் நகரில் பிறந்தவர். அப்பா கிறிஸ்தவ பிஷப். ஓர்வில் பள்ளிப் படிப்பையே முடிக்கவில்லை, கல்லூரிப் பக்கமும் போகவில்லை. சின்ன வயதிலேயே அச்சகம் தொடங்கினார், பிறகு வில்பரும் அதில் சேர்ந்துகொண்டார்.

சைக்கிள் பக்கம் எப்படி வந்தார்?

1892-ல் அமெரிக்கா முழுக்க சைக்கிள் மோகம். ஓர்வில் 160 டாலர் கொடுத்துப் புது கொலம்பியா சைக்கிள் வாங்கினார். வில்பர் சிக்கனக்காரர், ஏலத்தில் 80 டாலருக்குப் பழைய சைக்கிளை எடுத்தார். அந்த 160 டாலர் எவ்வளவு பெரிய தொகை? 1901-ல் இவர்கள் வேலைக்கு வைத்த மெக்கானிக் சார்லி டெய்லரின் வாரச் சம்பளமே 18 டாலர்தான். அதாவது, ஏறக்குறைய 9 வாரச் சம்பளம்!

அண்ணன் தம்பி இருவருக்கும் ரிப்பேர் வேலை கைவந்த கலை. அக்கம்பக்கத்தினர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்ததும் கடை போட்டுவிட்டார்கள். மற்ற கம்பெனி சைக்கிள்களை விற்பது, வாடகைக்கு விடுவது, பழுது பார்ப்பது எல்லாம் அங்கே நடந்தது.

சொந்தமா ஃபிரேம் செய்தது ஏன்?

டேட்டனில் சைக்கிள் கடைகள் பெருகிவிட்டன. எல்லாரும் அதே பிராண்டுகளை விற்றால் லாபம் எங்கிருந்து வரும்? அதனால் 1896-ல் சொந்த பிராண்டில் இறங்கினார்கள். 'வான் கிளீவ்' உயர்ரகம், ஆரம்ப விலை சுமார் 65 டாலர். கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்கு 'செயின்ட் கிளேர்', 42.50 டாலர்.

எல்லாவற்றையும் அவர்களே தயாரிக்கவில்லை. எஃகுக் குழாய்களை வெளியே வாங்கி, அளவுக்கு வெட்டி, பித்தளை உருக்கிப் பற்றவைத்து ஃபிரேம் ஆக்கினார்கள். எனாமல் பூச்சும் கடையிலேயே நடந்தது. லேத், டிரில் மெஷின்களை ஓட்ட ஒரு கேஸ் எஞ்சினைத் தாங்களே செய்துகொண்டார்கள். ஆனால் சக்கரத்தின் நடுவில் சுழலும் ஹப் மட்டும் அவர்களின் சொந்த வடிவமைப்பு. தூசி புகாமல், எண்ணெய் வெளியே கசியாமல் இருக்கும்.

சந்தை சரிந்தபோது?

1890-களின் கடைசியில் நாடு முழுக்க உற்பத்தி தேவையைத் தாண்டியது, விலை மளமளவென இறங்கியது. 1899-ல் 40-க்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு பிரம்மாண்ட கம்பெனியை உருவாக்கினார்கள். கொலம்பியாவும் அதில் இருந்தது. சில வருஷங்களிலேயே அது திவாலானது.

ரைட் கடை தாக்குப்பிடித்தது. பெரிய தொழிற்சாலையும் இல்லை, மலைபோல் ஸ்டாக்கும் இல்லை. சைக்கிளை ஒவ்வொன்றாகக் கையால்தான் செய்தார்கள். புது சைக்கிள் விற்காத மாதத்திலும் ரிப்பேர் வேலை வந்துகொண்டிருந்தது.

விமானத்துக்கு இதில் என்ன பங்கு?

சைக்கிள் விற்பனை மந்தமாகும் இலையுதிர் காலத்தில், கிட்டி ஹாக் கடற்கரைக்குப் போய் கிளைடர் சோதனை செய்தார்கள். காற்றுச் சுரங்கத்தைக் கடையிலேயே கட்டினார்கள். விமான எஞ்சினை டெய்லர் அங்கேயே செய்து கொடுத்தார். புரொப்பல்லரைச் சுழற்றியதும் சைக்கிளில் இருப்பதுபோன்ற செயின்தான்.

அதே சமயத்தில் சாமுவேல் லாங்லி என்ற விஞ்ஞானி அமெரிக்க ராணுவத்திடம் 50,000 டாலர் வாங்கி விமானம் செய்தார். 1903 டிசம்பர் 8-ல் அது ஆற்றில் விழுந்தது. ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 17-ல் ஓர்வில் 12 விநாடி பறந்தார். அதுவரை சகோதரர்களுக்கு ஆன மொத்தச் செலவு 1,000 டாலருக்கும் குறைவு.

அப்புறம்?

விமானமே முழுநேர வேலையானதால் சைக்கிள் தயாரிப்பு நின்றது. 1912-ல் வில்பர் டைஃபாய்டில் இறந்தார். 1915-ல் ஓர்வில் விமானக் கம்பெனியை விற்றுவிட்டு ஆராய்ச்சியோடு ஒதுங்கினார். 1948 ஜனவரி 30-ல் டேட்டனிலேயே காலமானார்.

அந்தக் கடையை 1930-களில் ஹென்றி ஃபோர்டு மிச்சிகனுக்குப் பெயர்த்துக் கொண்டுபோனார். இன்றும் அங்கே பார்க்கலாம். லாங்லியிடம் பதவியும் அரசுப் பணமும் இருந்தன. ஓர்விலிடம் இருந்தது மாதாமாதம் வருமானம் தரும் ஒரு சின்னக் கடை. தோற்றாலும் அடுத்த வருஷம் மறுபடி முயற்சி செய்ய அது போதுமானதாக இருந்தது.