பூண்டி நிரம்பியதைப் பார்க்காத மேயர்



லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும்போது தீரர் சத்தியமூர்த்தியைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

1887-ல் திருமயத்தில் பிறந்தவர். வழக்கறிஞர், மேடைப் பேச்சில் சிங்கம், காமராஜரின் அரசியல் குரு. 1939-ல் சென்னை மேயரானார். அப்போது நகரம் செங்குன்றம் ஏரியை நம்பியே இருந்தது. கோடை வந்தால் தவிப்புதான். கொசஸ்தலையாற்று வெள்ளமோ கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பூண்டியில் தேக்கவேண்டும் என்று வாதாடினார். உலகப் போர்க் காலம். ஆனாலும் ஆங்கிலேய அரசிடம் விடாமல் போராடி அனுமதி வாங்கினார். 1940-ல் அடிக்கல் நாட்டப்பட்டது.

1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டம், மீண்டும் சிறை. உடல் நலிந்து, 1943 மார்ச் 28-ல் காலமானார். அணை முடிந்தது 1944-ல். அதன் தண்ணீரில் ஒரு குடம்கூட அவர் பார்க்கவில்லை. இன்று அது சத்தியமூர்த்தி சாகர்.

வங்கியில் கணக்கெழுதியவன் சொல்கிறேன்: லாரிக்குக் கொடுப்பது செலவு. குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் நம் வரிப்பணம் போனால் அது முதலீடு. பலன் பேரப்பிள்ளைகளுக்கும் சேரும். 2021 முதல் நம் தாம்பரமும் மாநகராட்சி. வரியைத் தவறாமல் கட்டுவோம். அதன் கணக்கையும் தவறாமல் கேட்போம்.