வேலூர்க் கோட்டையில் கண்டி ராஜா

கண்ணுசாமி என்ற வாலிபனுக்கு வயது 18. 1798-ல் அவனை இலங்கையில் உள்ள கண்டியின் சிம்மாசனத்தில் ஏற்றினார் முதல் மந்திரி பிலிமத்தலாவை. ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன் என்று பட்டப் பெயர். பையன் சொன்னபடி ஆடுவான் என்பது மந்திரியின் கணக்கு.

கணக்கு தப்பியது! பிறகு சதி செய்த மந்திரியின் தலையையே ராஜா வாங்கினான்.

1803-ல் வெள்ளையர் கண்டியைப் பிடித்தார்கள். முத்துசாமி என்ற வேறொருவனுக்கு முடி சூட்டினார்கள். சில மாதங்களில் கண்டிப் படை அவர்களை முறியடித்தது. மலைநாட்டைத் துப்பாக்கியால் மட்டும் பிடிக்க முடியாது என்று தெரிந்தது. சமயம் பார்த்துக் காத்திருந்தார்கள்.

சமயத்தைக் கொடுத்தவன் ராஜாவேதான். கண்டியின் அழகான ஏரி அவன் வெட்டியது. ஜனங்களைப் பிடித்து வந்து கூலி இல்லாமல் வெட்ட வைத்தான். ஊரெல்லாம் வெறுப்பு.

குழந்தைகளும் பலி

அடுத்த முதல் மந்திரி எகலப்பொலை. 1814-ல் சப்பிரகமுவாவில் ஜனங்களைத் திரட்டிக் கலகம் செய்தார். தோற்றுக் கொழும்புக்கு ஓடி, வெள்ளையரிடம் அடைக்கலம் புகுந்தார். அவர் மனைவியையும் குழந்தைகளையும் ராஜா கொன்றான். அவன் கொடுமைகளை எழுதி வைத்தவர்களில் பலர் வெள்ளையர்; கூட்டியும் எழுதியிருப்பார்கள். ஆனால் இந்தக் கொலை நிஜம்.

கொழும்பில் ஜான் டாய்லி என்ற அதிகாரி இருந்தார். சிங்களம் கற்றவர். கண்டிப் பிரதானிகளோடு ரகசியத் தொடர்பு வைத்திருந்தார்.

1815 ஜனவரியில் கவர்னர் பிரவுன்ரிக் படை எடுத்தார். சண்டை ராஜாவோடுதான், ஜனங்களோடு அல்ல என்று அறிவித்தார். பிரதானிகள் ராஜாவைக் கைவிட்டார்கள். பிப்ரவரி 18-ல் பிடிபட்டான்.

மார்ச் 2-ந் தேதி ஒப்பந்தம். பிரதானிகள் கையெழுத்துப் போட்டார்கள். கண்டி, இங்கிலாந்து ராஜாவின் சொத்து ஆயிற்று!

வந்தவர்கள் போகவில்லை

சிம்மாசனம் தனக்குத்தான் என்று எகலப்பொலை நம்பியிருந்தார். கிடைக்கவில்லை. 1817-ல் ஊவாவில் ஜனங்கள் வெள்ளையரை எதிர்த்து எழுந்தார்கள். அடக்கப் போன கெப்பெட்டிப்பொலை, எழுந்தவர்களோடு சேர்ந்துகொண்டார். அவரும் 1815 ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்தான். 1818-ல் அவர் தலை வெட்டப்பட்டது. ஊவாவில் வீடுகளையும் பயிரையும் கொளுத்தினார்கள். சந்தேகத்தின் பேரில் கைதான எகலப்பொலை, மொரீஷியஸ் தீவில் 1829-ல் இறந்தார். வெள்ளையர் இலங்கையை விட்டுப் போனது 1948-ல்.

ராஜாவை 1816-ல் கப்பலில் சென்னைக்குக் கொண்டுவந்து, வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். நம் கோலியனூர்ப் பக்கத்தவர்களுக்கு வேலூர் தூரமில்லை. விழுப்புரத்தில் ரயில் ஏறி, திருவண்ணாமலை வழியாகப் போகலாம். ராணிகளோடு அங்கேயே கைதியாக இருந்து, 1832 ஜனவரி 30-ல் ராஜா இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் சமாதி இருக்கிறது. முத்து மண்டபம் என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.