டிசம்பர் 16: பீத்தோவனுக்கும் ஆண்டாளுக்கும் என்ன சம்பந்தம்? பிறந்த தேதி தெரியாத ஸ்ரீவில்லிபுத்தூர் கவிஞரின் கதை

'இன்றைய தினம்' காலண்டரில் டிசம்பர் 16-ஐத் தேடினா முதல்ல வர்ற பெயர் பீத்தோவன். நம்ம வீட்டு காலண்டர்ல அதே நாளைப் பாருங்க. 2024, 2025 ரெண்டு வருஷமும் டிசம்பர் 16-தான் மார்கழி 1. அதாவது ஊர் ஊரா திருப்பாவை ஒலிக்கத் தொடங்குற நாள். 2024-ல் அதே காலையில்தான் தபேலா மேதை ஜாகிர் உசேன் மறைந்த செய்தியும் இந்தியாவுக்கு உறுதியாகி வந்தது. அவர் இறந்த சான் பிரான்சிஸ்கோவில் அப்போ டிசம்பர் 15.

பீத்தோவன் டிசம்பர் 16-ல்தான் பிறந்தார் என்பதற்கு ஆவணம் எதுவும் கிடையாது. 1770 டிசம்பர் 17-ல் ஜெர்மனியின் பான் நகர தேவாலயத்தில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த பதிவு மட்டும் இருக்கு. குழந்தை பிறந்த மறுநாளே ஞானஸ்நானம் கொடுக்கிறது அந்தக் கால வழக்கம். அதனால 16 என்பது ஒரு கணக்கு, அவ்வளவுதான். 250 வருஷத்துக்கு முந்தைய ஆளுக்கே இந்த நிலைமைன்னா, ஆயிரம் வருஷத்துக்கும் முந்தைய ஆண்டாளுக்கு?

துளசிச் செடிக்குக் கீழே ஒரு குழந்தை

பரம்பரையா சொல்லப்படும் கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுத்தவர் விஷ்ணுசித்தர் என்கிற பெரியாழ்வார். அவருடைய நந்தவனத்தில் ஒரு ஆடிப் பூரத்தன்று துளசிச் செடி அடியில் பெண் குழந்தை கிடைக்குது. கோதை என்று பெயர் வைத்து வளர்க்கிறார். பெருமாளுக்குக் கட்டி வைத்த மாலையை அந்தப் பெண் யாருக்கும் தெரியாமல் தானே சூடி, கிணற்றுத் தண்ணீரில் அழகு பார்க்கிறார். ஒரு நாள் மாலையில் தலைமுடி இருப்பதை அப்பா பார்த்துவிட, வேறு மாலை கட்டிக் கொண்டுபோகிறார். கனவில் வந்த பெருமாள், கோதை சூடிய மாலைதான் வேணும் என்கிறார். கடைசியில் ஸ்ரீரங்கம் போய் அரங்கனோடு கலந்துவிட்டார் என்று முடிகிறது கதை. அவர் முகம் பார்த்ததாகச் சொல்லும் கண்ணாடிக் கிணறு இன்றும் கோயிலில் இருக்கு.

இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். துளசிச் செடி, கிணறு, ஸ்ரீரங்கத்தில் கலந்தது எதுவும் அவருடைய பாட்டில் கிடையாது. திருப்பாவையில் 30, நாச்சியார் திருமொழியில் 143 என மொத்தம் 173 பாசுரங்கள். அவற்றில் தன்னைப் பற்றி அவர் சொல்வது ரொம்பக் கொஞ்சம். ஊர் புதுவை, அதாவது வில்லிபுத்தூர். அப்பா பட்டர்பிரான். பெயர் கோதை. மனிதர் யாருக்கும் தன்னைக் கட்டிக் கொடுக்கப் பேசினால் வாழமாட்டேன் என்று அடித்துச் சொல்கிறார். தன் கல்யாணத்தைக் கனவில் கண்டு சடங்கு சடங்காகத் தோழியிடம் விவரிக்கிறார். அந்தப் பத்துப் பாட்டு இன்னிக்கும் வைணவக் கல்யாணங்களில் பாடப்படுது.

ஆழ்வார்கள் 12 பேரில் ஒரே பெண் இவர். அந்தக் காலத்தில் ஒரு பெண் தன் உடம்பின் ஏக்கத்தை நாச்சியார் திருமொழி அளவுக்கு வெளிப்படையாகப் பாடினார் என்பதே பெரிய விஷயம். திருப்பாவை பரவின அளவுக்கு அது பரவாததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

வானத்தைப் பார்த்து வருஷம் கண்டுபிடிச்சாங்க

நாள் ஆடிப் பூரம். சரி, எந்த வருஷம்? இதுக்கு ஆய்வாளர்களுக்குக் கிடைத்த தடயம் திருப்பாவையின் 13-ஆவது பாசுரம். தோழியை எழுப்பும்போது, வெள்ளி உதித்துவிட்டது, வியாழன் மறைந்துவிட்டது என்று விடியல் வானத்தைக் காட்டுகிறார். முதல் பாசுரத்திலேயே மார்கழி, முழுநிலவு என்ற குறிப்பும் இருக்கு.

வியாழன் சூரியனை ஒரு சுற்று சுற்ற கிட்டத்தட்ட 12 வருஷம் ஆகும். மார்கழிப் பௌர்ணமியை ஒட்டி, விடியற்காலையில், கிழக்கே வெள்ளி எழும்போது மேற்கே வியாழன் இறங்கணும் என்றால் அது எல்லா வருஷமும் நடக்காது. இதை வைத்துத்தான் தமிழறிஞர் மு. இராகவையங்கார் கி.பி. 731 என்ற ஆண்டுக்கு வந்தார். இதே மாதிரி வானம் வேறு சில வருஷங்களிலும் வந்திருக்கு என்று சொல்லி 9-ஆம் நூற்றாண்டுக்குத் தள்ளுபவர்களும் உண்டு. பெரியாழ்வார் காலத்துப் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன்தான் என்பது அவர்களுக்கு இன்னொரு பிடி. சண்டை இன்னும் முடியலை.

கோயிலிலிருந்து கச்சேரி மேடைக்கு

இந்தப் பாட்டெல்லாம் எப்படித் தப்பிப் பிழைச்சது? நாதமுனிகள் நாலாயிரம் பாசுரங்களைத் தொகுத்து, தன் சகோதரியின் மகன்கள் இரண்டு பேருக்குப் பாடக் கற்றுக் கொடுத்தார் என்பது வைணவ மரபு. அந்த வழியில் வந்தவர்கள்தான் அரையர்கள். கூம்பு வடிவக் குல்லாய் வைத்து, கையில் தாளத்தோடு பாடி, அபிநயம் பிடித்து, பொருளும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய மூன்று ஊர்களில் மட்டும் இந்த அரையர் சேவை நிலைத்திருக்கு.

நாம இப்போ காலையில் கேட்கும் திருப்பாவையின் மெட்டு வேற. அது 20-ஆம் நூற்றாண்டில் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் போட்டது. 1890-ல் பிறந்து 1967-ல் மறைந்த இவர்தான் இன்றைய கர்நாடகக் கச்சேரியின் அமைப்பையே வகுத்தவர். முப்பது பாசுரங்களுக்கும் ராகம் அமைத்த அவர், முதல் ஐந்துக்கு நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று எடுத்துக்கொண்டார். தியாகராஜரின் பஞ்சரத்தினக் கிருதிகளில் வரும் அதே ஐந்து ராகங்கள்! எம்.எல். வசந்தகுமாரியின் குரலில் இசைத்தட்டாக வந்த பிறகு அது கச்சேரிக்கே போகாத வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

பக்கத்து ஊர் ராஜபாளையத்தில்...

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தென்காசி ரோட்டில் சுமார் 11 கி.மீ. போனால் ராஜபாளையம். இங்கே ராஜு சமூகத்தாருக்கு வீட்டுமொழி தெலுங்கு. ஆண்டாள் கதையைப் பெருங்காவியமாக்கியதும் தெலுங்குதான். விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் எழுதிய 'ஆமுக்தமால்யதா' என்ற தலைப்புக்கு, சூடிக் கொடுத்தவள் என்று அர்த்தம். ஆந்திராவில் கிருஷ்ணா மாவட்ட ஸ்ரீகாகுளத்தில் பெருமாள் கனவில் வந்து எழுதச் சொன்னதாக ராயரே அதில் குறிப்பிடுகிறார்.

2018 ஜனவரியில் கவிஞர் வைரமுத்து ஆண்டாளைப் பற்றி உரையாற்றியதும் ராஜபாளையத்தில்தான். ஆண்டாளின் பிறப்பு குறித்து அவர் மேற்கோள் காட்டிய ஒரு கருத்துக்குக் கடும் எதிர்ப்பு கிளம்பியது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஜீயர் உண்ணாவிரதம் இருந்தார். வைரமுத்து வருத்தம் தெரிவித்தார். ஆவணம் இல்லாத ஒருவரின் பிறப்பு, இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் தெருவில் இறங்கிப் பேசும் அளவுக்கு உயிரோட இருக்கு.

இப்போ என்னெல்லாம் நடக்குது?

ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளி தினமும் பச்சை இலைகளால் புதுசா செய்யப்படுவது. அவர் சூடிய மாலை சித்திரையில் மதுரை கள்ளழகருக்கும், புரட்டாசி பிரம்மோற்சவ கருட சேவைக்காகத் திருப்பதிக்கும் போகுது. அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசலும் தருவதாக ஒரு பாசுரத்தில் நேர்ந்துகொண்டார் ஆண்டாள். அந்தக் கடனை ராமானுஜர் தீர்த்து வைத்ததாக நம்பிக்கை. அதனால்தான், காலத்தால் பிந்தியவரான ராமானுஜரை ஆண்டாளுக்கு அண்ணன் என்கிறார்கள்.

மார்கழியில் திருமலைக்குப் போறவங்க ஒன்றைக் கவனிக்கலாம். வருஷம் முழுக்க அங்கே பெருமாளை எழுப்புவது சுப்ரபாதம். தனுர் மாதத்தில் மட்டும் அதை நிறுத்திவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் கோதையின் தமிழைப் பாடுவார்கள். சுப்ரபாதம் திரும்ப வருவது தை பிறந்த பிறகுதான்.