சாண்டோ சின்னப்பா தேவர்: வாயில்லா ஜீவன்களைக் கதாநாயகன் ஆக்கியவர்



இந்த மாதச் சுவர் இதழில் சாதனையாளர் பகுதிக்கு எழுதும்படி தமிழ் ஐயா என்னிடம் சொன்னார். விஞ்ஞானிகள், தலைவர்கள் பற்றி எல்லாரும் எழுதிட்டாங்க. அதனால் நான் ஒரு சினிமாக்காரரைப் பற்றி எழுதுகிறேன். சினிமாக்காரரா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். முழுசா படிச்சுட்டு அப்புறம் சொல்லுங்க.

குதிரை எங்கே?

நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குதிரை என்றால் முதலில் ஞாபகம் வருவது ஐயனார் கோயில் மண்குதிரைதான். உயிருள்ள குதிரையை எப்பவாவது கல்யாண ஊர்வலத்தில் பார்த்தால்தான் உண்டு. வெளிநாட்டில் பிள்ளைகளையும் குதிரையையும் வைத்தே பெரிய பெரிய படங்கள் எடுத்திருக்கிறார்கள். 1944-இல் வந்த ‘நேஷனல் வெல்வெட்’ என்ற ஆங்கிலப் படத்தில், சீட்டுக் குலுக்கலில் ஒரு சிறுமிக்குக் குதிரை பரிசாக விழுகிறது. ஆண்பிள்ளை வேடம் போட்டு அவளே அதை ஓட்டிப் பெரிய பந்தயத்தில் ஓடுகிறாள். 1979-இல் வந்த ‘பிளாக் ஸ்டாலியன்’ படத்தில் ஒரு சிறுவனும் ஒரு கருப்புக் குதிரையும் ஆள் இல்லாத தீவில் நண்பர்கள் ஆகிறார்கள்.

இது மாதிரி தமிழில் யார் எடுத்தாங்க என்று எங்க தாத்தாவிடம் கேட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. தேவர் பிலிம்ஸ் என்றார். அதிலிருந்துதான் நான் தேட ஆரம்பித்தேன்.

இளமையும் உழைப்பும்

சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர் 1915-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் கோயம்புத்தூரில் உள்ள இராமநாதபுரத்தில் பிறந்தார். (இது மாவட்டம் இல்லை, கோவையில் ஒரு பகுதி.) தந்தை பெயர் அய்யாவுத் தேவர். வீட்டில் வறுமை. அதனால் ஐந்தாம் வகுப்புக்கு மேல் அவர் படிக்கவில்லை. பஞ்சாலையில் வேலை பார்த்தார். பால் வியாபாரம் செய்தார், அரிசிக்கடை வைத்தார், சோடா கம்பெனியும் நடத்தினார்.

இவ்வளவுக்கும் நடுவில் தேகப்பயிற்சியை மட்டும் விடவே இல்லை. அந்தக் காலத்தில் உலகப் புகழ் பெற்ற பயில்வான் ஒருவரின் பெயர் சாண்டோ. நன்றாக உடம்பை வளர்த்தவர்களை எல்லாம் நம்ம ஊரில் சாண்டோ என்றே கூப்பிட்டார்கள். அப்படித்தான் அவருக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கோவையில் அப்போது சினிமா ஸ்டுடியோக்கள் இருந்தன. உடற்கட்டைப் பார்த்து அவருக்குச் சண்டைக் காட்சிகளில் வாய்ப்பு வந்தது. அங்கேதான் எம்.ஜி.ஆரின் நட்பும் கிடைத்தது. 1947-இல் வந்த ‘ராஜகுமாரி’ படத்தில் இருவரும் மோதுவார்கள்.

சொந்தக் கம்பெனி

வெறும் சண்டைக்காரராகவே இருந்துவிடாமல், தம்பி எம்.ஏ. திருமுகத்தை இயக்குநராக வைத்து ‘தேவர் பிலிம்ஸ்’ தொடங்கினார். முதல் படம் 1956-இல் வந்த ‘தாய்க்குப் பின் தாரம்’. எம்.ஜி.ஆர். கதாநாயகன். ஆனால் தாத்தா மாதிரி ஆட்களுக்கு அதில் ஞாபகம் இருப்பது எம்.ஜி.ஆரும் காளையும் மோதும் காட்சிதான்.

அந்தப் படத்துக்குப் பிறகு இரண்டு பேருக்கும் மனக்கசப்பு வந்துவிட்டது. பெரிய நடிகர் இல்லை என்றதும் தேவர் கம்பெனியை மூடிவிட்டுப் போகவில்லை. கத்திச் சண்டையில் பேர் வாங்கிய ரஞ்சனை வைத்து 1957-இல் ‘நீலமலைத் திருடன்’ எடுத்தார். அதில் ரஞ்சன் குதிரையில் வர, டி.எம். சௌந்தரராஜன் குரலில் ஒரு பாட்டு வரும். எங்க தெருவில் கோயில் திருவிழா ரேடியோ செட்டில் இன்றைக்கும் அதைப் போடுவார்கள். பாட்டின் தாளமே குதிரை ஓடுகிற மாதிரிதான் இருக்கும்!

1961-இல் ‘தாய் சொல்லைத் தட்டாதே’ படத்தில் எம்.ஜி.ஆரும் தேவரும் மீண்டும் சேர்ந்தார்கள். மொத்தம் 16 படங்கள் சேர்ந்து செய்தார்கள். படத்துக்குப் பூஜை போடும்போதே ரிலீஸ் தேதியையும் முடிவு செய்துவிடுவாராம். நடிகர்களுக்குப் பேசிய சம்பளத்தை முன்கூட்டியே முழுசாகக் கொடுத்துவிடுவாராம். அதனால் தேவர் படம் என்றால் சொன்ன நாளில் வந்துவிடும் என்று எல்லாருக்கும் நம்பிக்கை இருந்தது. வீட்டுப்பாடத்துக்கு நாளைக்கு, நாளான்னைக்கு என்று சொல்லும் நாமெல்லாம் இதைக் கொஞ்சம் கவனிக்கணும்.

தோற்ற கதையே ஜெயித்தது

1967-இல் யானையை வைத்து ‘தெய்வச் செயல்’ என்று ஒரு படம் எடுத்தார். அது ஓடவில்லை. வேறு யாராக இருந்தாலும் யானையே வேண்டாம்டா சாமி என்று விட்டிருப்பார்கள். தேவர் விடவில்லை. கதை நல்ல கதைதான், சொன்ன விதத்தில்தான் குறை என்று நினைத்திருக்க வேண்டும். அதே கதையை மாற்றி அமைத்து, அப்போது இந்தியில் உச்சத்தில் இருந்த ராஜேஷ் கன்னாவை வைத்து 1971-இல் ‘ஹாத்தி மேரே சாத்தி’ எடுத்தார். அதுதான் அவருடைய முதல் இந்திப் படம். அது இந்தியா முழுக்க ஓடியது. 1972-இல் அதே கதை எம்.ஜி.ஆர். நடிக்க ‘நல்ல நேரம்’ என்று தமிழுக்குத் திரும்பி வந்தது.

கதை இதுதான். சின்ன வயதிலிருந்து யானைகளோடு வளர்ந்த ஒருவன். அவனுக்குக் கல்யாணம் ஆகிக் குழந்தை பிறக்கிறது. யானையால் குழந்தைக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று மனைவி பயப்படுகிறாள். கடைசியில் அந்த யானையே அவர்களுக்காக உயிரைக் கொடுக்கிறது. தாத்தா இதைக் கீற்றுக் கொட்டகையில் மணலில் உட்கார்ந்து பார்த்தாராம். யானை செத்ததும் கொட்டகையில் பொம்பளைங்க, பிள்ளைங்க எல்லாரும் விசும்பிய சத்தம் வெளியே டீக்கடை வரைக்கும் கேட்டதாம்.

ஆடு கதாநாயகி

இப்போதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

யானை, குதிரை என்றால் ராஜா வீட்டு விலங்கு. அதைப் படத்தில் காட்டினால் பார்க்க எல்லாருக்கும் ஆசைதான். ஆனால் தேவர் அதோடு நிற்கவில்லை. 1973-இல் ‘கோமாதா என் குலமாதா’ படத்தில் பசு. 1974-இல் ‘வெள்ளிக்கிழமை விரதம்’ படத்தில் பாம்பு. 1977-இல் ‘ஆட்டுக்கார அலமேலு’ படத்தில் சாதாரண ஆடு! ஸ்ரீப்ரியா, சிவகுமார் நடித்த அந்தப் படத்தை ஜனங்கள் ஆட்டைப் பார்க்கவே கூட்டம் கூட்டமாகப் போனார்கள். ஆடு மேய்க்கும் பெண்ணின் பெயரே படத்தின் பெயர்.

நம் வகுப்பிலும் காலையில் பட்டியைத் திறந்து ஆட்டுக்குத் தழை போட்டுவிட்டு, பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு ஓடிவரும் தோழர், தோழிகள் இருக்கிறார்கள். ஆட்டு வாடை அடிக்குது என்று சிலர் மூக்கைப் பொத்துவதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு தோழி இரண்டு வாரம் யாரோடும் பேசாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். படிப்பை விட்டுடலாம் என்றுகூட என்னிடம் சொன்னாள். அவள் வீட்டு ஆடு விற்ற காசில்தான் அவளுக்கு நோட்டும் செருப்பும் வருகிறது. மக்காச்சோளக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் கிடை போட்டால்தான் நிலத்துக்கு எரு கிடைக்கும் என்று நம் பெற்றோருக்குத் தெரியும். பஞ்சாலையிலிருந்தும் சோடா கம்பெனியிலிருந்தும் வந்த தேவருக்கும் இது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதனால்தான் எம்.ஜி.ஆர். நின்ற இடத்தில் ஒரு ஆட்டைக் கொண்டுவந்து நிறுத்த அவருக்குக் கூச்சமே இல்லை.

இன்னொரு பக்கம்

எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு. யானை பந்து விளையாடுவதும் ஆடு சொன்னபடி கேட்பதும் திரையில் பார்க்க அழகுதான். ஆனால் அதைப் பழக்கும்போது அந்த ஜீவன் கஷ்டப்பட்டிருக்காதா? 2001-இல் இதற்கென்று மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. இப்போது விலங்கை நடிக்க வைக்க வேண்டும் என்றால் விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும். இது நல்ல விஷயம்தான். தேவர் படம் பார்த்து யானைக்காக அழுத பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகு வந்த விதிகள் இவை என்பதையும் நினைத்துப் பார்க்கணும்.

இறுதிக் காலம்

தேவர் பெரிய முருக பக்தர். எதிரில் வருபவர் யாராக இருந்தாலும் முருகா என்றுதான் கூப்பிடுவார். லாபத்தில் ஒரு பங்கை முருகன் கோயில்களுக்குக் கொடுத்தார். கோவை மருதமலைக்கு அவர் செய்த திருப்பணிகள் நிறைய. நம்ம செட்டிகுளத்தில் கையில் கரும்போடு நிற்கும் தண்டாயுதபாணியைக் கும்பிடுகிறவர்களுக்கு அந்தப் பக்தி நன்றாகவே புரியும்.

கடைசியில் மறுபடியும் குதிரைக்கே வந்தார். ரஜினிகாந்த், ஒரு குதிரை, ஒரு நாய் எல்லாம் சேர்ந்து வரும் ‘தாய் மீது சத்தியம்’ படம் 1978 தீபாவளிக்கு வெளியானது. ஆனால் அதைப் பார்க்க அவர் இல்லை. 1978 செப்டம்பர் 8-ஆம் நாள், 63 வயதில் காலமானார். அவர் மருமகன் ஆர். தியாகராஜன் இயக்கிய அந்தப் படம் சொன்னபடி தீபாவளிக்கு வந்துவிட்டது.

நண்பர்களே, ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர் ஜெயித்துவிட்டார், அதனால் நாமும் நிறுத்தலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் நிறுத்தியது வறுமையால். நமக்குச் சத்துணவு, சைக்கிள், புத்தகம் எல்லாம் பள்ளியிலேயே கிடைக்கிறது. ஆடு மேய்த்துக்கொண்டே நன்றாகப் படிக்கலாம். மூக்கைப் பொத்துகிற கையை நாம்தான் கீழே இறக்க வேண்டும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி